உட்காருவதா, நடப்பதா: விஸ்கான்சின் மான் வேட்டைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி மான் வேட்டை நடக்கும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆரஞ்சு மேலங்கி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்குவார்கள். அலுவலகங்களில் பாதி நாற்காலி காலியாகக் கிடக்கும். இங்கே வேலைக்கு வந்த நம்மவர்களில் சிலரும் பக்கத்து வீட்டுக்காரரோ கூட வேலை செய்பவரோ கூப்பிட, இதற்குள் வந்துவிடுகிறார்கள். வந்ததும் கேட்கிற கேள்வி இதுதான்: ஒரே இடத்தில் உட்கார வேண்டுமா, தேடிப் போக வேண்டுமா?

பழைய ஆட்களிடம் கேட்டால் பாதிப் பேர் "அசையாமல் உட்கார், அது வரும்" என்பார்கள். மீதிப் பேர் "உட்கார்ந்தே இருந்தால் உன் மடியிலா வந்து விழும்?" என்பார்கள். இரண்டு தரப்பும் பெரும்பாலும் தங்கள் குணத்தைத்தான் சொல்கிறார்கள். குணத்தைத் தள்ளி வைத்துவிட்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்: உங்களுக்குக் கிடைத்த நிலத்தின் அளவு, காலடியில் கிடக்கும் சருகு காய்ந்ததா நனைந்ததா, காற்று எங்கிருந்து அடிக்கிறது, ஒன்பது நாளில் இது எத்தனையாவது நாள். இந்த நான்கையும் பார்க்கக் கற்றுக்கொண்டால் கேள்விக்குப் பதில் அன்றன்று காலையில் தானாகக் கிடைக்கும்.

சட்ட வேலைகளை முடித்துவிடுங்கள்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் இங்கேயே. விஸ்கான்சினில் வெள்ளைவால் மான் நிறைய. மாநில இயற்கை வளத் துறை கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) வாரியாக எத்தனை பெண் மான்களை எடுக்கலாம் என்று ஆண்டுதோறும் முடிவு செய்து அதற்கேற்ப அனுமதிச் சீட்டு தருகிறது.

1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருந்தால்தான் உரிமம் வாங்க முடியும். இன்னும் முடிக்கவில்லையா, அனுபவமுள்ள ஒருவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்து வேட்டையாட ஒரு வழி உண்டு. முதல் வருடத்துக்கு நான் அதைத்தான் சொல்வேன். மாநிலத்தில் நிரந்தரமாக வசிக்கத் தொடங்கி 30 நாள் ஆகியிருந்தால் உள்ளூர்வாசிக் கட்டணம். வெளியூர்க் கட்டணம் அதைவிடப் பல மடங்கு.

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும். நாட்டின் மத்தியச் சட்டப்படி நீங்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் இருந்தால் விதிவிலக்கு உண்டு. ஆகவே வரிசை முக்கியம். உரிமம் கைக்கு வந்த பிறகே துப்பாக்கியைத் தொடுங்கள். "சும்மா பயிற்சிக்கு" என்று நண்பர் நீட்டுவதையும் சேர்த்துத்தான். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். விசாவைவிட மான் பெரிதில்லை.

உடை: துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் வெளியே தெரியும் உடையில் பாதியாவது ஒளிரும் ஆரஞ்சு நிறத்தில் இருக்க வேண்டும். 2016 முதல் ஒளிரும் இளஞ்சிவப்புக்கும் அனுமதி உண்டு. முழுவதும் ஆரஞ்சாகவே போட்டுக்கொள்ளுங்கள். மானுக்கு அது தெரியாது, மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரியும்.

மான் எதைப் பிடிக்கும், எதை விடும்

மானுக்கு ஆரஞ்சு தெரியாது என்றதற்குக் காரணம் இருக்கிறது. நம் கண்ணில் சிவப்பை உணரும் ஒரு வகைக் கூம்புச் செல் உண்டு. மானின் கண்ணில் அது இல்லை. நீலமும் புற ஊதா ஒளியும் அதற்கு நன்றாகத் தெரியும். அதனால் ஆரஞ்சு அங்கியால் தொல்லை இல்லை, நீல ஜீன்ஸால் தொல்லை. துணிக்கு வெண்மை கூட்டும் சலவைத் தூளில் துவைத்த உடையும் அப்படித்தான், புற ஊதா ஒளியில் மின்னும்.

நுணுக்கமான உருவத்தை மானால் நம் அளவுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. மரத்தோடு ஒட்டி அசையாமல் நிற்கும் ஆளை அது மரமாகவே எடுத்துக்கொண்டு கடந்து போவதுண்டு. ஆனால் அசைவு? தலையின் இரு பக்கமும் கண் இருப்பதால் பின்னால் ஒரு சின்னப் பகுதியைத் தவிரச் சுற்றி எல்லாமே பார்வைக்குள் வரும். மூக்கைச் சொறியக் கையைத் தூக்கினால் போதும், பார்த்துவிடும்.

மூக்குதான் எல்லாவற்றுக்கும் மேல். உங்களைப் பார்த்த மான் சில நேரம் சந்தேகப்பட்டு நிற்கும், சத்தம் கேட்ட மான் காதைத் திருப்பிக் காத்திருக்கும். மணம் பிடித்த மான் காத்திருக்காது. கடைகளில் உடல் மணத்தை மறைக்கும் ஸ்பிரே, சோப்பு என்று ஒரு அலமாரியே இருக்கும். எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. காற்று சரியாக இருந்தால் அவை தேவையில்லை, தவறாக இருந்தால் காப்பாற்றாது. மதியத்துக்குப் புளியோதரை கட்டிக்கொண்டு போகலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். தாராளமாக. மனித வாடையே அதற்குப் போதும், புளியோதரை அதற்கு மேல் ஒன்றும் செய்துவிடாது. அலுமினியத் தாளில் மட்டும் சுற்றாதீர்கள், பிரிக்கிற சத்தம் அறுபது கஜம் கேட்கும்.

இன்னொன்று, மான் அசை போடும் பிராணி. விடியலிலும் அந்தியிலும் அதிகம் நடமாடும் என்பது உண்மை. ஆனால் வயிறு நிறைய மேய்ந்துவிட்டுப் போய்ப் படுக்கும், அசை போடும், எழும், கொஞ்சம் மேயும், மறுபடி படுக்கும். நடுப்பகலிலும் எழுந்து சில கஜம் நகரும். பதினோரு மணிக்கே "இனி வராது" என்று இறங்கிவிடுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

நடப்பதெல்லாம் மார்ச்சில்

நடக்கப் பிரியமுள்ளவர்களுக்கு நல்ல செய்தி: நடக்க வேண்டிய காலம் ஒன்று இருக்கிறது. பனி உருகி, புல் முளைப்பதற்கு முன்னால், மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும். போன இலையுதிர் காலத்தின் தடயமெல்லாம் அப்போது தரையில் அப்படியே கிடக்கும். எத்தனை மானைக் கலைத்தாலும் நவம்பருக்குள் அவை மறந்துவிடும்.

முதலில் வீட்டில் உட்கார்ந்து செயற்கைக்கோள் வரைபடத்தையும் உயரக்கோட்டு வரைபடத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆன்எக்ஸ் போன்ற செயலிகளில் நில உரிமையாளர் எல்லையும் தெரியும். தேட வேண்டியது மான் நெருக்கிக்கொண்டு கடக்க வேண்டிய இடம். இரண்டு முகடுகளுக்கு நடுவே தாழ்ந்த கழுத்து, சதுப்புக்கும் வயலுக்கும் இடையே ஒடுங்கிய மரத் தொடர், ஓடையில் கரை தாழ்ந்து கடக்க வசதியான இடம், செங்குத்துச் சரிவின் மேல்முனை. அப்புறம் நேரில் போய்ப் பாருங்கள். ஒற்றையடித் தடங்கள் வந்து கூடும் இடம், புழுக்கை, ஆண் மான் கொம்பை உரசிப் பட்டை உரித்த இளமரங்கள், தாழ்ந்த கிளைக்குக் கீழே குளம்பால் கீறிய மண், சருகில் நீள்வட்டமாக அழுந்திய படுக்கைக் குழிகள். உரசிய மரங்கள் ஒரே வரிசையில் தொடர்ந்தால் மான் நடக்கும் பாதை அது. மரத்தின் எந்தப் பக்கம் உரசியிருக்கிறது என்று பார்த்தால் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதும் ஓரளவு தெரியும்.

ஓக் மரங்கள் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏகார்ன் என்னும் ஓக் காய் கொட்டும் வருடத்தில் மான் மக்காச்சோள வயலையே விட்டுவிட்டு ஓக்குக்குக் கீழே நிற்கும். வெள்ளை ஓக்கின் காயில் துவர்ப்பு குறைவு, அதைத்தான் முதலில் தின்னும்.

பருவத்துக்கு முதல் நாள் போய் இதையெல்லாம் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அன்றைக்கு நீங்கள் நடக்கும் ஒவ்வொரு அடியும் மானுக்குத் தகவல்.

நிலத்தின் அளவைப் பாருங்கள்

மத்திய மேற்குப் பகுதியில் விவசாய நிலத்தை "ஃபார்ட்டி" என்று நாற்பது ஏக்கர் கணக்கில் பேசுவார்கள். பழைய நில அளவையில் ஒரு சதுர மைலைப் பதினாறாகப் பிரித்தால் வருவது அது. ஒரு பக்கம் கால் மைல், அதாவது 440 கஜம். சரியான நிதானத்தில் நடந்தாலும் ஒரு மணி நேரத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வந்துவிடுவீர்கள். நிலத்தில் இருந்த மானெல்லாம் பக்கத்து வேலியைத் தாண்டியிருக்கும். அது அடுத்தவர் நிலம். விஸ்கான்சினில் அறிவிப்புப் பலகை இல்லாவிட்டாலும் அனுமதியில்லாமல் தனியார் நிலத்தில் நுழையக் கூடாது; அடிபட்ட மானைத் தேடிப் போவதற்கும் அதே விதிதான். ஆகவே நண்பரின் நாற்பது ஏக்கரில் வேட்டை என்றால் விவாதமே இல்லை, உட்காருங்கள்.

வடக்கே செக்வாமெகன்-நிகோலெட் தேசிய வனம் கிட்டத்தட்ட 15 லட்சம் ஏக்கர். மான் அடர்த்தி தெற்கத்திப் பண்ணை நாட்டைவிடக் குறைவு, பார்வைக்கு எட்டும் தூரமும் குறைவு. அங்கே ஒரு மரத்தடியில் ஒன்பது நாள் உட்கார்ந்தாலும் ஒரு வாலைக்கூடப் பார்க்காமல் போகலாம். நடப்பதற்கு நியாயம் பெரிய காட்டில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்கில் வெர்மான்ட், மெய்ன் காடுகளில் இதை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். வெர்மான்டின் டக்ஸ்பரி ஊரைச் சேர்ந்த லாரி பெனாய்ட்டும் அவர் மகன்களும் புதுப் பனியில் ஒரே ஆண் மானின் தடத்தைப் பிடித்து நாள் முழுவதும் பின்தொடர்வதற்குப் பேர்போனவர்கள். கேட்க ஆசையாக இருக்கும். விஸ்கான்சின் தலைநகர் மேடிசனுக்குப் பக்கத்தில் அதைச் செய்தால் மதியத்துக்குள் ஆறு பேருடைய வேலியைத் தாண்டியிருப்பீர்கள்.

வில்லோடு போகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே அனேகமாக எழாது. இருபது முப்பது கஜத்துக்குள் மான் வந்தால்தான் அம்பு. அவ்வளவு அருகே தரையில் நடந்து போய்ச் சேருவது புதியவர்களால் ஆகிற காரியமில்லை.

உட்காருவது

மரத்தில் கட்டும் இருக்கையை இங்கே ட்ரீ ஸ்டாண்ட் என்பார்கள். நான் பரண் என்று எழுதுகிறேன். பரண் கட்டாயம் வேண்டும் என்றில்லை. ஒரு பெரிய மரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தும் பலர் வேட்டையாடுகிறார்கள். முதல் வருடத்துக்கு அதுவே போதும் என்பேன். பரணில் ஏறுவதானால் உடல் முழுதும் பிணைக்கும் பாதுகாப்பு வார் இல்லாமல் ஏறவே கூடாது. தரையை விட்டுக் கால் எடுக்கும் நிமிடத்திலிருந்து மறுபடி தரையில் கால் வைக்கும் வரை அது கயிற்றோடு இணைந்திருக்க வேண்டும். பரண் விபத்துகளில் பல, ஏறும்போதும் இறங்கும்போதும் நடப்பவை. துப்பாக்கியைத் தோட்டா நீக்கி, கயிற்றில் கட்டி, மேலே போன பிறகு இழுத்துக்கொள்ளுங்கள்.

காட்டில் யாரோ கட்டிவைத்த பரண் காலியாக இருக்கிறதே என்று ஏறி உட்காராதீர்கள். 2004 பருவத்தின் இரண்டாம் நாள், வடக்கே சாயர் கவுண்டியில் தனியார் நிலத்துப் பரணில் வேறொருவர் உட்கார்ந்திருந்ததில் தொடங்கிய தகராறு ஆறு பேரின் சாவில் முடிந்தது. இன்றும் அந்தப் பக்கம் அதைப் பற்றிப் பேசுகிறார்கள்.

எங்கே உட்காருவது என்பதைக் காற்று முடிவு செய்யட்டும். மான் வரும் என்று நினைக்கும் தடத்திலிருந்து உங்கள் பக்கமாகக் காற்று அடிக்க வேண்டும், அல்லது குறுக்கே போக வேண்டும். ஒரே நல்ல இடத்தைத் தேர்ந்துவிட்டு எந்தக் காற்றிலும் அங்கேயே போவதுதான் புதியவர்களின் பருவத்தைக் கெடுக்கிறது. மேற்குக் காற்றுக்கு ஒன்று, தெற்குக் காற்றுக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு இடமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாங்கான தென்மேற்கு விஸ்கான்சினில், பனியாறு தேய்க்காமல் விட்ட அந்த மேடுபள்ள நாட்டில், இன்னொரு கணக்கும் சேரும். இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்துக்குள் வழியும். வெயில் சரிவில் பட்டுச் சூடேறியதும் மேலே ஏறும். மாலையில் மறுபடி இறங்கும். வானிலைச் செயலி மேற்குக் காற்று என்று சொல்லும், உங்கள் பள்ளத்தில் அது வேறு பக்கம் போய்க்கொண்டிருக்கும். இதைப் பார்க்க இங்கே வயலோரத்தில் வளரும் மில்க்வீட் காயின் பஞ்சைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். நம் ஊர் எருக்குக்கு இது உறவுச் செடி. எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் அதே மாதிரிப் பஞ்சுதான். ஒரு இழையைக் காற்றில் விடுங்கள். முப்பது நாற்பது கஜம் வரை எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே கீழே இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். காற்றைப் பார்ப்பதற்கென்று கடையில் விற்கும் பொடிப் புட்டி இந்த அளவு காட்டாது.

இருட்டிலேயே போய்ச் சேர வேண்டும். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிலிருந்து சுடச் சட்டம் அனுமதிக்கிறது. அதற்கு இன்னும் அரை மணிக்கு முன்னால் நீங்கள் இடத்தில் இருந்தால் நல்லது. போகும் வழியையும் யோசித்து வையுங்கள். காலையில் மான் வயலில் மேய்ந்துகொண்டிருக்கும், வயல் வழியாகப் போனால் அன்றைய வேட்டை அங்கேயே முடிந்தது.

குளிர் இரண்டாவது எதிரி. பலருக்குப் பொறுமை போவது மனதில் இல்லை, கால் விரலில். நவம்பர் கடைசியில் வடக்கே விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே பத்து டிகிரி செல்சியஸ் என்பது சாதாரணம். நடந்து போகும்போது மெல்லிய உடையில் போங்கள். கனமான அங்கியைப் பையில் வைத்து, போய் உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். வியர்த்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் நடுங்கத் தொடங்குவீர்கள். பருத்தி வேண்டாம், கம்பளி. பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், தடித்த காலுறை போட்டும் விரல் அசைய வேண்டும். உட்கார ஒரு தடித்த நுரைத் திண்டு. இதில் செலவழிக்கும் காசு துப்பாக்கியில் செலவழிப்பதைவிட அதிக மானைக் காட்டும்.

கண்ணை அசையுங்கள், தலையை மெதுவாகத் திருப்புங்கள், கையை அசைக்காதீர்கள். துப்பாக்கி மடியில், மான் வரக்கூடிய திசைக்கு ஏற்கெனவே திரும்பியிருக்கட்டும். மான் தலையைத் தூக்கிப் பார்த்தால் உறைந்துவிடுங்கள். அது குனிந்து மேய்வதுபோல் பாவனை செய்து சட்டென்று மறுபடி தலையைத் தூக்கும். முதல் குனிவை நம்பி அசைந்தவர்கள் வெள்ளை வாலைத்தான் பார்ப்பார்கள். முன்னங்காலால் தரையைத் தட்டினால் சந்தேகம் முற்றுகிறது என்று அர்த்தம். வால் இரண்டு முறை சாதாரணமாக ஆடி, தலை குனிந்து, உண்மையிலேயே மேயத் தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எப்போது எழுந்திருப்பது? சலிப்புக்கும் பசிக்கும் எழாதீர்கள். காற்று திரும்பி, உங்கள் வாடை தடத்தை நோக்கிப் போகத் தொடங்கினால் உடனே எழுங்கள். அதற்கு மேல் அங்கே உட்காருவது அந்த இடத்தைக் கெடுப்பதுதான். இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் சுட முடியாத தூரத்தில் ஒரே வழியாக இரண்டு முறை மான் கடந்தால் அன்று மாலையே இடத்தை அந்தப் பக்கம் மாற்றுங்கள். "நாளைக்கு இந்தப் பக்கம் வரும்" என்று காத்திருப்பதற்குப் பொறுமை என்று பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

நடப்பது

நடந்து வேட்டையாடுவது என்றால் உலாவுவது என்று நினைக்கிறார்கள். நல்ல ஆட்கள் நடப்பதைப் பார்த்தால் ஆள் நிற்கிறாரா நகர்கிறாரா என்றே தெரியாது. இரண்டு மூன்று அடி, அப்புறம் ஒரு மரத்தை ஒட்டி நிற்பது. நடந்த நேரத்தைவிட நிற்கும் நேரம் பல மடங்கு. பெரிய காட்டிலும் மணிக்குக் கால் மைலுக்கு மேல் போனால் வேகம் அதிகம்.

எந்த நாளில் நடக்கலாம் என்பதைக் கால் சொல்லும். வீட்டு வாசலில் சருகை மிதித்துப் பாருங்கள். நேற்று மழை பெய்து சருகு துவண்டிருந்தால் நடக்கலாம். பூப்போன்ற புதுப் பனி நாலு அங்குலம் கிடந்தால் அதைவிட நல்லது. மரம் அசையும் அளவுக்குச் சீரான காற்று இருந்தாலும் சரி, உங்கள் சத்தமும் அசைவும் அதில் கரையும். காய்ந்த ஓக் சருகு, உருகி மறுபடி உறைந்து மொறுமொறுக்கும் பனி, காற்றே இல்லாத அமைதி: இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் போய் உட்காருங்கள்.

காற்று முகத்திலோ கன்னத்திலோ பட வேண்டும். முடிந்தால் சூரியன் முதுகில். பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, கீழே குச்சி இல்லை என்று உணர்ந்த பிறகு எடையை மாற்றுங்கள். மனித நடைக்கு ஒரே தாளம் உண்டு, காட்டில் வேறெதுவும் அப்படி நடப்பதில்லை. அந்தத் தாளத்தை உடையுங்கள். குச்சி முறிந்துவிட்டால் ஓரிரு நிமிடம் அப்படியே நில்லுங்கள். அணிலும்தான் சத்தம் போடுகிறது. மான் ஓடுவது ஒரு சத்தத்தால் இல்லை, தொடர்ந்து வரும் சத்தத்தால்.

நின்ற இடத்தில் அருகிலிருந்து தூரத்துக்குப் பாருங்கள். முழு மானைத் தேடாதீர்கள், கிடைக்காது. மரமெல்லாம் நெட்டுக்குத்தாக நிற்கும் காட்டில் கிடைக்கோடாக ஒன்று தெரிந்தால் அது முதுகாக இருக்கலாம். காது சிலிர்ப்பது, தொண்டையின் வெள்ளைத் திட்டு, ஈரமான கறுப்பு மூக்கு. அடர்ந்த காட்டில் எதற்குப் பைனாகுலர் என்று கேட்பார்கள். அங்கேதான் தேவை, அது குவியத்தை மாற்றி மாற்றிப் புதருக்குள் அடுக்கடுக்காகப் பார்க்க வைக்கும். துப்பாக்கியின் தொலைநோக்கியை அதற்குப் பயன்படுத்தவே கூடாது. நீங்கள் உற்றுப் பார்ப்பது இன்னொரு ஆளாக இருந்தால் துப்பாக்கிக் குழல் அவரை நோக்கி நிற்கும்.

பயிற்சி வகுப்பில் நான்கு விதிகள் மனப்பாடம் செய்ய வைப்பார்கள். ஒவ்வொரு துப்பாக்கியும் குண்டு நிரம்பியது என்றே நடத்து. குழலை எப்போதும் ஆபத்தில்லாத திசையில் வை. இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் உறுதி செய். சுடும்வரை விரல் விசை வளையத்துக்கு வெளியே. நடக்கும்போது இவை நான்கும் இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் கால் தடுக்கி விழுபவர் நீங்கள்தான். வேலியையோ ஓடையையோ தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிடுங்கள்.

கூட்டமாகப் போய் மானைக் கலைத்து, காத்திருப்பவர்களை நோக்கி ஓட்டும் முறையும் இங்கே உண்டு. முதல் வருடம் வேண்டாம். மிகவும் நம்பகமான குடும்பத்தோடு என்றால் மட்டும், அதுவும் காத்திருக்கும் இடத்தில். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியாமல் தொடங்கும் கூட்டத்திலிருந்து வெட்கப்படாமல் விலகி வந்துவிடுங்கள்.

ஒன்பது நாளை எப்படிப் பிரிப்பது

முதல் சனிக்கிழமை முழுவதும் உட்காருங்கள். சாப்பாட்டுக்கும் இறங்காமல். அன்று காட்டில் லட்சக்கணக்கானவர்கள் நடமாடுகிறார்கள். தாமதமாக வருபவர்கள், குளிர் தாங்காமல் பத்து பதினோரு மணிக்குக் காருக்குத் திரும்புபவர்கள், மதியம் மறுபடி வருபவர்கள். அவர்கள் நடக்க நடக்க மான் இடம் மாறும். பொது நிலமாக இருந்தால் கார் நிறுத்துமிடத்திலிருந்து மான் தப்பிப் போகும் அடர்த்தி எங்கே என்று பார்த்து, அந்த வழியில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துவிடுங்கள். உங்களுக்காக மற்றவர்கள் நடப்பார்கள். ஞாயிறும் ஏறக்குறைய இப்படித்தான்.

திங்கள் முதல் புதன் வரை காடு அமைதியாகிவிடும். மானும் உஷாராகிவிடும். திறந்த வெளிக்குப் பகலில் வராது. சதுப்பு நடுவில் இருக்கும் சின்ன மேடு, வெட்டி விட்ட காட்டில் அடர்ந்து வளர்ந்த இளமரங்கள், யாரும் போகத் தயங்கும் முட்புதர் இவற்றில் போய்ப் படுக்கும். வயலோரப் பரணில் உட்காருவதற்கு இப்போது பயன் குறைவு. தரை ஈரமாக இருந்தால் இந்த நாட்களில் மெதுவாக நடந்து பார்க்கலாம், அல்லது அந்த அடர்த்தியின் ஓரத்துக்கே இடத்தை மாற்றிக்கொண்டு உட்காரலாம். புதியவருக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன்.

வியாழன் தேங்க்ஸ்கிவிங். அன்றும் வெள்ளியும் குடும்பங்கள் சேர்ந்து மானை ஓட்டுவார்கள். பக்கத்து நிலத்தில் ஓட்டுகிறார்கள் என்று தெரிந்தால் எல்லையோரம், உங்கள் பக்கம், பின்னால் நல்ல மண்மேடு இருக்கும்படி உட்காருங்கள். கடைசி சனி ஞாயிறில் பனி விழுந்தால் அதுதான் நடப்பதற்கான நேரம். ஆட்களும் குறைந்திருப்பார்கள், தடமும் தெளிவாக இருக்கும்.

சுட்ட பிறகு

பொறுமையா வேகமா என்ற விவாதத்தில் எல்லோரும் மறப்பது சுட்ட பிறகு வரும் அரை மணி நேரத்தை. உடனே ஓடிப்போய்த் தேடுவதால் இழக்கப்படும் மான்கள் நிறைய. அடிபட்ட மானைத் துரத்தாவிட்டால் கொஞ்ச தூரத்தில் படுக்கும். துரத்தினால் உயிர் இருக்கும் வரை ஓடும், அடுத்தவர் நிலத்தில் போய் விழும்.

பக்கவாட்டில் நிற்கும் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சின் நடுப்பகுதிக்குக் கொஞ்சம் கீழே குறி. இதயமும் நுரையீரலும் அங்கே. வேறு கோணத்தில் நின்றால் முதல் வருடம் விட்டுவிடுங்கள். சுட்டதும் மான் எப்படித் துள்ளியது, கடைசியாக எந்த மரத்தைத் தாண்டியது என்று மனதில் குறித்து, காதைத் தீட்டிக் கேளுங்கள். கண்ணெதிரே விழவில்லை என்றால் அரை மணி நேரமாவது இருந்த இடத்திலேயே இருங்கள்.

பிறகு அடிபட்ட இடத்துக்குப் போய் இரத்தத்தைப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பில் நுரை கலந்திருந்தால் நுரையீரல், மான் பெரும்பாலும் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல். மூன்று நான்கு மணி நேரமாவது விடுங்கள். பச்சையும் பழுப்புமாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். அப்படியானால் சத்தமில்லாமல் திரும்பிப் போய் எட்டு மணி நேரம் அல்லது அதற்கும் மேல் கழித்து வாருங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் மான் கிடைப்பதற்கு வேறு வழியில்லை. தேடும்போது இரத்தத் துளியை மிதிக்காமல் பக்கவாட்டில் நடந்து, கடைசித் துளி ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கழிவறைக் காகிதத்தை வைத்துக்கொண்டே போங்கள். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை கோடாகத் தெரியும்.

மான் கிடைத்ததும் வேகம் தேவை. குடலை உடனே அகற்றி உடல் சூட்டை வெளியேற்றுங்கள். பகலில் வெப்பம் பத்து டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் தொங்கவிட்டுக் காத்திருக்காமல் அன்றே இறைச்சியைக் குளிரில் வையுங்கள். மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ துறையிடம் பதிவு செய்ய வேண்டும்.

2002இல் விஸ்கான்சின் மான்களில் சிடபிள்யூடி என்ற மூளை நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பிரையான் என்னும் புரதத்தால் வருவது, சமைத்தாலும் அழியாது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான நிகழ்வு இதுவரை இல்லை. ஆனாலும் நோய் உள்ள பகுதி மானைப் பரிசோதிக்கவும், நோய் உறுதியானால் உண்ணாதிருக்கவும் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. பரிசோதனை இலவசம். கழுத்தில் சில அங்குலத்தோடு தலையை வெட்டி, துறை வைத்திருக்கும் பெட்டியில் படிவத்தோடு போட்டுவிட்டு வந்தால் போதும், முடிவு பிறகு வரும். அதுவரை அந்த மானின் இறைச்சியைத் தனியாகக் கட்டி, பதிவு எண்ணை எழுதி உறைபெட்டியில் வையுங்கள். முடிவு வருவதற்கு முன்னால் நண்பர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்காதீர்கள்.